நடுகல்லும் செப்பேடும்: செங்கம் வட்டாரச் சாரணியருக்கான மரபறி களப்பணி

சாரணியர் இயக்கத்தில் 'பேட்ஜ்' என்று வழங்கும் திறமைச் சின்னம், ஒரு மாணவி குறிப்பிட்ட துறையொன்றில் தானே முயன்று பெற்ற அறிவையோ கைத்திறனையோ, தன்னைப் பயிற்றுவிக்காத ஒரு தேர்வாளர் முன் மெய்ப்பித்துக் காட்டிய பின் சீருடையின் கைப்பகுதியில் தைத்துக்கொள்ளும் சிறு துணி அடையாளமாகும். இதில் 'தானே முயன்று' என்பதே உயிரான சொல்லாகும். சமையல், முதலுதவி, முகாம் வாழ்க்கை போன்ற துறைகளில் கை வேலை செய்தே ஆக வேண்டியிருப்பதால் அம்முயற்சி இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஊரின் பழமை, பண்பாடு, வரலாறு சார்ந்த சின்னங்களிலோ, பாடநூலிலிருந்து நான்கு பக்கம் படியெடுத்து, இரண்டு படங்களை ஒட்டி, அதையே பணி என்று ஒப்படைக்கும் பழக்கம் எளிதில் நுழைந்துவிடக்கூடும். அப்பழக்கத்துக்கு மாற்றாக, ஒரு கல்லின் முன்னோ ஓர் ஏட்டின் முன்னோ மாணவியை நேரடியாக நிறுத்தும் களப்பணி ஒன்றைச் செங்கம் வட்டாரப் பள்ளிகளின் சாரணிய ஆசிரியைகள் எவ்வாறு அமைக்கலாம் என்பதை இவ்வியல் விளக்குகிறது.

இதற்கான முன்மாதிரி எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைக்கிறது. ஜூலியட் கோர்டன் லோ 1912 மார்ச் 12 அன்று சவானா நகரில் தொடங்கிய அமெரிக்கச் சிறுமியர் சாரண இயக்கத்தில், சின்னப் பணியைப் படைத் தலைவியர் மட்டுமன்றி அருங்காட்சியகங்களும் நடத்தித் தருவதுண்டு. யூத மரபு அருங்காட்சியகங்கள் அவ்வாறு நடத்தும் நிகழ்ச்சிகளுக்குக் குடும்ப வரலாறு, சமூகங்களின் கூட்டு வாழ்வு, பழங்காலத்தை நடித்தறிதல் ஆகிய பொருள்களில் அமைந்த சின்னங்கள் இயல்பாகப் பொருந்துகின்றன. யூதச் சமயக் கல்விக்காக அந்நாட்டில் தனி விருதுகள் இருப்பதால், அருங்காட்சியகச் சின்னப் பணி எந்தச் சமயத்துச் சிறுமிக்கும் திறந்ததாகவே இருக்க முடிகிறது. இத்தகைய அமர்வு ஒன்றில் சிறுமியின் கையில் முதலில் தரப்படுவது நூலன்று, பொருளே. கப்பலில் புலம்பெயர்ந்து வந்த ஒருவரின் பெட்டி, ஓய்வுநாள் விளக்கு, மங்கிய கடிதம் என ஏதோ ஒன்றைப் பார்த்து, அது யாருடையது என்று கேட்டு, அந்த மனிதரின் பெயரை அறிந்து, அதற்கு இணையாகத் தன் வீட்டில் என்ன இருக்கிறது என்று தேடி, இறுதியில் தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்கும்போது, பார்வையாளராக உள்ளே வந்தவள் சான்று சொல்லக் கூடியவளாக வெளியேறுகிறாள். பொருளில் தொடங்கிப் பெயரில் நின்று வீட்டைத் தொட்டுக் கைவேலையில் முடியும் இந்த ஒழுங்கே கடன்வாங்கத் தக்கது. கட்டடமும் கண்ணாடிப் பேழையும் இல்லாத ஊருக்கும் அது பொருந்தும்.

செங்கம் ஏன்

திருவண்ணாமலைக்கு மேற்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் அமைந்த செங்கத்துக்கு அருங்காட்சியகம் வெளியூரிலிருந்து வர வேண்டியதில்லை. நடுகல் என்பது போரிலோ ஆநிரை மீட்பிலோ உயிர்விட்ட ஒருவனின் நினைவாக அவன் உருவத்தையும் பெயரையும் பொறித்து நாட்டிய கல்லாகும். தமிழகத்தில் எழுத்துப் பொறித்த நடுகற்கள் மிகுதியாகக் கிடைத்த பகுதிகளுள் செங்கம் முதன்மையானது. பல்லவர் காலத்தைச் சேர்ந்தவை உள்ளிட்ட இக்கற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை ஆய்ந்து, இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 'செங்கம் நடுகற்கள்' என்னும் தொகுதியாக 1972இல் வெளியிட்டது. சாரணிய ஆசிரியை களப்பணிக்கு முன் கையில் வைத்திருக்க வேண்டிய முதல் நூல் அதுவே.

இவ்வூரின் புகழ் அக்கற்களுக்கும் முந்தியது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மா என்று அக்காலத்தில் வழங்கிய இவ்வூரின் தலைவன் நன்னனிடம் பரிசில் பெறச் செல்லும் கூத்தருக்கு வழி கூறும் நூலாகும். 583 அடிகளில் பெருங்கௌசிகனார் பாடிய அது ஆற்றுப்படை வகையைச் சார்ந்ததாதலால், ஒரு வகையில் அதுவும் ஒரு வழிகாட்டி நூலே. வழியில் உள்ள குழிகள், பாம்புகள், வழுக்கும் பாறைகள், தினைப்புனம் காப்போர் யானையை விரட்ட எறியும் கவண்கற்கள் எனத் தவிர்க்க வேண்டியவற்றை அது ஒவ்வொன்றாக எச்சரிக்கிறது. வழியோர நடுகற்களைக் கண்டால் இசைத்து வணங்கிச் செல்லும்படி கூறுகிறது. பாதை பிரியும் இடத்தில், பின்னால் வரும் புதியவர் திகைக்காதிருக்கப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லவும் சொல்கிறது. சாரணியர் பயிற்சியில் தடக்குறி என்ற பெயரில் இன்று கற்பிக்கப்படும் புல்முடிச்சு, இதே மண்ணின் வழிகளுக்காக ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் தமிழில் பாடப்பட்டிருப்பதை எண்ணும்போது, இக்களப்பணியை வேறெந்த ஊரில் தொடங்குவதும் பொருத்தமாகத் தோன்றவில்லை. முதல் வகுப்பில் ஆசிரியை இப்பகுதியை உரையுடன் படித்துக் காட்டி, பள்ளி வளாகத்திலேயே அணிகளைப் புல் முடியச் செய்து தொடங்குவது நல்லது.

முன்னேற்பாடு

எந்தச் சின்னத்துக்காக இப்பணி என்பது முதலில் உறுதியாக வேண்டும். 1950 நவம்பர் 7 அன்று உருவாகி, 1951 ஆகஸ்ட் 15 அன்று சிறுமியர் சாரண அமைப்பும் தன்னுடன் இணையப் பெற்ற பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் பாடத்திட்டம் அவ்வப்போது திருத்தப்படுவதால், நடப்பிலுள்ள சின்னப் பட்டியலை மாவட்டச் சாரணியர் அலுவலகத்தில் பெற்று, ஊரறிவு, மரபு, உலக நட்பு சார்ந்த சின்னங்களுள் எதன் விதிகளுக்கு இப்பணி முழுமையாகப் பொருந்துகிறது என்பதை ஆசிரியை சொல்லுக்குச் சொல் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தேர்வாளரையும் அப்போதே கேட்டுக்கொள்வது நலம். பணி முடிந்த பின் தேர்வாளரைத் தேடினால், மாணவிகளின் நினைவில் கல் மங்கத் தொடங்கியிருக்கும்.

அடுத்தது கல்லைத் தேர்தல். ஓர் அணிக்கு, அதாவது ஆறு முதல் எட்டு மாணவிகள் சேர்ந்த குழுவுக்கு, ஒரு கல் போதும். ஒரே நாளில் ஐந்து கற்களைச் சுற்றிவரும் பயணம் கல்விச் சுற்றுலாவாக முடியுமேயன்றிச் சின்னப் பணியாகாது. தொகுதியில் பதிவானதும், பேருந்துச் சாலையிலிருந்து நடக்கும் தொலைவில் இருப்பதும், எழுத்து ஓரளவு தெளிவாக உள்ளதுமான கல்லை ஆசிரியை முன்கூட்டியே ஒருமுறை நேரில் பார்த்துவர வேண்டும். பல கற்கள் தனியார் நிலத்தில் நிற்கின்றன. பல கற்கள் வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் வழிபடப்படும் தெய்வங்களாகும். ஆதலால் தலைமையாசிரியரின் ஒப்புதலும் பெற்றோரின் எழுத்துச் சம்மதமும் எவ்வளவு இன்றியமையாதவையோ, நிலத்துக்காரரின் இசைவும் பூசாரியின் இசைவும் அவ்வளவு இன்றியமையாதவை. எந்த நாளில் வரலாம், எவ்வளவு அருகில் செல்லலாம், செருப்பை எங்கே கழற்ற வேண்டும், படம் எடுக்கலாமா என்பவற்றை அவர்களிடமே கேட்டு, அவர்கள் சொன்னபடியே நடக்க வேண்டும். கோயிலில் பொங்கல் வைக்கும் நாளாக இருந்தால் அளவுநாடாவை எடுக்காமல் வணங்கிவிட்டுத் திரும்பி, வேறொரு நாளில் வருவதே முறை.

கல்லின் முன் ஒரு காலை

களப்பணி நாளில் காலை ஏழு மணிக்குள் கல்லருகே இருப்பது வெயிலுக்காக மட்டுமன்று. சூரியன் தாழ்ந்திருக்கையில் ஒளி கல்லின் முகத்தில் சாய்வாக விழுவதால், உச்சி வெயிலில் கண்ணுக்குப் புலப்படாத மென்கோடுகளும் தம் நிழலால் எழுந்து நிற்கும். இதைச் சாய்வொளி முறை என்பர். கல் மேற்கு நோக்கி நின்றால் மாலை வேளையைத் தேர்ந்துகொள்ளலாம், அல்லது முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றால் வெயிலைத் திருப்பி ஒரு பக்கத்திலிருந்து பாய்ச்சலாம். கண்ணாடியைச் சற்றே அசைக்கும்போது வெறும் பாறையாக இருந்த இடத்தில் ஒரு வில்லும் அதைப் பிடித்த கையும் தோன்றுவதைப் பார்க்கும் மாணவிக்கு, கல்லைப் படிப்பது என்றால் என்ன என்பதை வேறு எவரும் விளக்க வேண்டியிராது.

முதல் அரைமணி நேரம் எவரும் எதையும் எழுதாமல் பார்க்க மட்டும் வேண்டும். வீரன் எப்பக்கம் திரும்பி நிற்கிறான், கையில் வாளா, வில்லா, குறுவாளா, கேடயம் உண்டா, உடலில் அம்பு தைத்திருக்கிறதா, காலருகே இப்பகுதிக் கற்களில் காணப்படும் கெண்டியும் சிமிழும் உள்ளனவா என்று அணித் தலைவி ஒவ்வொருத்தியையும் கேட்கலாம். பிறகே அளவெடுப்புத் தொடங்கும். தரைக்கு மேல் உள்ள உயரம், அகலம், கனம் ஆகியவற்றை அளவுநாடாவாலும், கல் நோக்கும் திசையைத் திசைகாட்டியாலும் குறித்து, கட்டம் போட்ட தாளில் பத்தில் ஒரு பங்கு அளவில் வரைந்து, அருகிலுள்ள கிணறு, ஏரி, சாலை ஆகியவற்றிலிருந்து கல்லுக்கு உள்ள தொலைவைக் காலடிக் கணக்கால் மதிப்பிட்டு ஒரு நிலவரைபடமும் அமைக்க வேண்டும். சாரணியர் பயிற்சியில் தனித்தனியே கற்ற திசையறிதலும் மதிப்பீடும் வரைபடமும் இங்கே ஒரே வேலையாகச் சேர்கின்றன.

செய்யக் கூடாதவற்றைக் களத்தில் அல்ல, முந்தைய நாளே உறுதியாகக் கூறிவிட வேண்டும். எழுத்து தெரிய வேண்டும் என்று சுண்ணக்கட்டியால் கோடுகளை நிரப்புவதும், பாசியைக் கத்தியால் சுரண்டுவதும், எண்ணெயோ தண்ணீரோ ஊற்றித் தேய்ப்பதும் 1000 ஆண்டுக்கு மேல் நின்ற கல்லுக்குச் சிறிது நேரத்தில் கேடு செய்துவிடும். ஈரத்தாளைக் கல்லின்மேல் ஒற்றி மை தடவி எழுத்தைப் பிரதி எடுக்கும் மைப்படி முறை தொல்லியல் துறையினரின் வேலை. மாணவிகளுக்கு அதை நேரில் காட்ட விரும்பினால் துறையின் மாவட்ட அலுவலரை அழைக்கலாம், தாமே முயலக் கூடாது. வழிபடுவோர் பூசும் மஞ்சளும் எண்ணெயும் வேறு கணக்கைச் சேர்ந்தவை. அவற்றைக் குறை கூறுவது வந்தவர் வேலையன்று. எவரும் அறியாத புதிய கல் ஒன்று கண்ணில் பட்டால், அதை அசைக்காமல் இடத்தைக் குறித்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலருக்கும் தொல்லியல் துறைக்கும் தெரிவிப்பதே சாரணியரின் கடமை. புதர் மண்டிய இடங்களில் கோலால் தரையைத் தட்டிக்கொண்டே நடப்பதும், முதலுதவிப் பெட்டியும் குடிநீரும் அணிதோறும் இருப்பதும், செய்யாற்றில் நீர் ஓடும் காலத்தில் ஆற்றைக் கடக்கும் வழியைத் தவிர்ப்பதும் மலைபடுகடாம் சொன்ன எச்சரிக்கைகளின் இன்றைய வடிவங்கள்.

எந்தக் கல்லில் பணி செய்தாலும், எடுத்தனூர்க் கல்லின் கதையை எல்லா அணிகளும் அறிந்திருக்க வேண்டும். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த அக்கல், தன் எருமை மந்தையைக் காக்கும் முயற்சியில் இறந்த கருந்தேவக்கத்தி என்ற இளைஞனுடையது. அவனுக்குப் பின்னால் ஒரு நாயின் உருவமும், கோவிவன் எனப் படிக்கப்பட்டுள்ள அதன் பெயரும், அது கள்ளரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் பொறிக்கப்பட்டுள்ளன. விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் சண்டைக் கோழி ஒன்றுக்கே கல் எடுத்திருப்பதையும் இதனுடன் சேர்த்துச் சொல்லலாம். ஒரு நாயின் பெயரை மறக்க மனமில்லாத மனிதர் இங்கே வாழ்ந்தனர் என்ற செய்தி பதினோரு வயது மாணவியிடம் செய்யும் வேலையை, பல்லவ மன்னர் பட்டியல் செய்யாது.

வட்டெழுத்தும் கொச்சியும்

களப்பணிக்குப் பின் வரும் இரண்டு வகுப்புகளை எழுத்துக்கே ஒதுக்க வேண்டும். செங்கத்தின் பழைய நடுகற்களில் உள்ளது வட்டெழுத்து, அதாவது தமிழ்பிராமி எனப்படும் பழைய எழுத்திலிருந்து வளைவுகள் மிகுந்து வளர்ந்த எழுத்து முறை. முழு எழுத்து வரிசையையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தன் பெயருக்கு வேண்டிய எழுத்துகளையும், கல்லில் திரும்பத் திரும்ப வரும் யாண்டு, தொறு, பட்டான், கல் ஆகிய நான்கு சொற்களையும் அடையாளம் காணக் கற்றால் போதும். யாண்டு என்பது ஆட்சியாண்டு. தொறு என்பது மாட்டு மந்தை. பட்டான் என்பது போரில் வீழ்ந்தான் என்ற பொருளது.

யூத மரபு இவ்விடத்தில்தான் செங்கத்துக்குள் வருகிறது. கொச்சி யூதர்கள் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்த செப்பேடுகள், சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஏறத்தாழ கி.பி. 1000இல் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு அளித்த உரிமைகளைக் கூறுவன. அவற்றின் எழுத்தும் வட்டெழுத்தே. சுங்க விலக்கு, பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை என 72 உரிமைகளும், அயல்நாட்டு வணிகர் குழுவுக்கு உரிய அஞ்சுவண்ணம் என்ற தகுதியும் அவற்றில் வழங்கப்பட்டன. இவ்வுரிமைகள் ரப்பானின் ஆண்மக்களுக்கு மட்டுமன்றிப் பெண்மக்களுக்கும், பெண்மக்களை மணந்த மருமக்களுக்கும் உரியவை என்று ஏடு வெளிப்படையாகக் கூறுகிறது. செப்பேட்டின் நிழற்படத்தை அச்சிட்டு மேசையில் வைத்து, தம் ஊர்க் கல்லில் கண்ட எழுத்துகளின் பிற்கால வடிவங்களை அதில் வட்டமிடும்படி மாணவிகளைக் கேட்கலாம். எபிரேய மொழியில் இறைவனைத் தொழுத ஒரு சமூகத்தின் மிக மதிப்புள்ள ஆவணம், மாடு மேய்த்த செங்கத்து வீரனின் கல்லில் உள்ள எழுத்து மரபிலேயே எழுதப்பட்டிருப்பதை, பிறர் சொல்லிக் கேளாமல், தன் விரலால் தொட்டுக் கண்டறியும் மாணவிக்கு உலக நட்பு என்ற சொல் வெறும் உறுதிமொழியாக நில்லாது.

வாய்ப்புள்ள படைகள் கேரளப் பயணம் ஒன்றையும் திட்டமிடலாம். மட்டாஞ்சேரியில் 1568இல் எழுந்த பரதேசி சினகாக், அதாவது யூதத் தொழுகைக்கூடம், கையால் தீட்டிய சீன நீலவண்ணத் தரை ஓடுகளுக்குப் பெயர்பெற்றது. சனிக்கிழமை யூதரின் ஓய்வுநாளாதலால் அன்று பார்வைக்குத் திறக்கப்படுவதில்லை என்பதைப் பயணத் தேதி குறிக்கும்போதே கருத வேண்டும். எனினும் சின்னப் பணிக்கு அதனினும் ஏற்றது, இன்று அருங்காட்சியகமாக உள்ள சேந்தமங்கலம் சினகாக்கே. அதன் முற்றத்தில் இஸ்ரவேலின் மகள் சாராள் என்ற பெண்ணின் கல்லறைக் கல் நிற்கிறது. 1269ஆம் ஆண்டைச் சேர்ந்த அது, இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளுள் மிகப் பழையதாகக் கருதப்படுவது. நடுகற்களில் ஆடவர் பெயர்களையே பெரும்பாலும் படித்துவந்த மாணவிகள் இக்கல்லின் முன் சிறிது நேரம் அமைதியாக நிற்பது இயல்பு. ஆசிரியை அவ்வமைதியை விளக்கவுரையால் கலைக்க வேண்டாம். பின்னர், கல்லறைக் கல்லுக்கும் நடுகல்லுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளைத் தாமே எழுதும்படி பணிக்கலாம். இரண்டும் இறந்தவரின் பெயரைக் கல்லில் நிறுத்துகின்றன என்பது உண்மை. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று எழுதினால் அதற்குச் சான்று கேட்டு, சான்று இல்லாத வரியை அடிக்கச் சொல்ல வேண்டும்.

1948இல் இஸ்ரேல் உருவான பின், குறிப்பாக 1950களில், கொச்சி யூதருள் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தனர். அவர்களுடன் சென்றவற்றுள் பெண்களின் பாட்டு நோட்டுகளும் உண்டு. திருமணத்திலும் விழாக்களிலும் பெண்கள் பாடிய மலையாளப் பாடல்களைப் பெண்களே கையால் எழுதி, தாயிடமிருந்து மகளுக்கென வைத்திருந்தனர். பிற்காலத்தில் ஆய்வாளர்கள் அப்பாடல்களைத் திரட்டிப் பதிப்பிக்க அந்நோட்டுகளே ஆதாரமாயின. சாரணியரின் பதிவேடு ஏன் அச்சுப் படமும் ஒட்டுத்தாளுமாக இல்லாமல் அவளது சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும் என்று கேட்கும் பெற்றோருக்கு இந்த ஒரு செய்தியே போதிய விடையாகும்.

பதிவேடும் தேர்வும்

பதிவேட்டில் கல்லின் வரைபடம், அளவுகள், நிலவரைபடம், படித்தறிந்த எழுத்துகள், அச்சான பாடத்தோடு ஒப்பிட்டபோது தான் தவறாகப் படித்திருந்த இடங்கள் ஆகியவை இருக்க வேண்டும். தவறுகளை மறைக்காமல் காட்டும் பதிவேட்டுக்குத் தேர்வாளர் கூடுதல் மதிப்பளிக்கலாம். இவற்றோடு, கல்லைப் பற்றி ஊரில் வழங்கும் கதையை முதியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் பேச்சு நடையிலேயே எழுதிய இரண்டு பக்கமும் தேவை. கல்வெட்டு சொல்வதும் ஊர் சொல்வதும் மாறுபட்டால் இரண்டையும் அருகருகே எழுத வேண்டுமேயன்றி, ஒன்றைக் கொண்டு மற்றொன்றைத் திருத்தக் கூடாது. வீட்டிலிருந்து ஒரு பொருள், பாட்டியின் உலக்கையோ தாத்தாவின் ஏர்க்கொழுவோ நிலப் பத்திரமோ, அதன் உரிமையாளர் பெயருடன் ஒரு பக்கத்தில் இடம்பெற வேண்டும். சவ்வாது மலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவிகள் தம் மலையூர்ப் பொருள்களையும் கதைகளையும் எழுதும்போது, சமவெளி மாணவிகளின் பதிவேடுகளில் இல்லாத செய்திகள் பல வந்து சேரும். அவற்றுக்குப் பக்க வரம்பு வைக்க வேண்டாம்.

தேர்வை வகுப்பறையில் நடத்துவதினும் கல்லருகிலேயே நடத்துவது நன்று. தேர்வாளர் ஊருக்குப் புதியவர் போல வந்து நிற்க, மாணவி அவரைச் சாலையிலிருந்து கல்வரை அழைத்துவந்து, எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும் என்பது முதல் வீரனின் பெயர்வரை பத்து நிமிடத்தில் சொல்லி முடித்து, அவர் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டும். விடை தெரியாதபோது தெரியாது என்று சொல்லி, எங்கே கேட்டு அறியலாம் என்பதையும் கூறினால் அதுவும் முழு விடையே.

ஒவ்வொரு அணியின் பதிவேட்டுக்கும் இரண்டு படிகள் எடுக்க வேண்டும். ஒன்று பள்ளி நூலகத்துக்கு. மற்றொன்று நிலத்துக்காரருக்கோ பூசாரிக்கோ உரியது; அந்தப் படியின் முதல் பக்கத்தில், வேடியப்பன் என்று அவர்கள் தலைமுறைகளாக விளக்கேற்றிவரும் கல்லில் பொறித்திருக்கும் மனிதனின் பெயரை மட்டும், இன்றைய தமிழ் எழுத்தில், தொலைவிலிருந்தும் படிக்கும் அளவில் மாணவிகள் எழுதிக் கொடுக்க வேண்டும்.